நக்கினால் என்ன ஆகும்? நாயின் அரிப்புக்கு வீட்டு மருந்து தேடும்போது

எங்கள் வீட்டு லாப்ரடார் லட்டு ஓயாமல் சொறிகிறது என்று வாயைத் திறந்த அன்றைக்கே ஆளாளுக்கு வைத்தியர் ஆகிவிட்டார்கள். அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொன்னார். ஊரிலிருந்து போனில் மாமா, “குப்பைமேனி இருக்கும்போது டாக்டர் எதுக்குடா?” என்றார். கீழ்வீட்டு அக்கா தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிக் கிண்ணத்தோடு வந்து நின்றார். அலுவலக நண்பன் ஆப்பிள் சிடர் வினிகர் வாங்கு என்றான், எதிர்வீட்டுப் பையன் ஓட்ஸ் என்றான்.

கற்பூர எண்ணெயை மட்டும் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் இரண்டே வாரத்தில் செய்து பார்த்தோம். விளைவு, எது கேட்டது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. நாய் மஞ்சள் நிறத்தில் வினிகர் வாசத்தோடு சொறிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒப்பிட ஆரம்பித்தேன். ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டுமே. கடைசியில் எனக்குப் பயன்பட்டது ஒரே கேள்விதான்: இதை நாய் நக்கினால் என்ன ஆகும்?

நாம் களிம்பு தடவினால் அது தோலில் இருக்கும். நாய்க்குத் தடவினால் ஐந்து நிமிடத்தில் வயிற்றில் இருக்கும். அரிக்கும் இடத்தைத்தான் அது முதலில் நக்கும். அதனால் நாய்க்குத் தடவுகிற எதையும் பாதி உணவு என்றே கணக்கில் எடுக்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்ட உடனே நம் ஊர் வைத்தியத்தில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

இன்னொரு விஷயமும் உண்டு. நாயின் மேல்தோல் நம் தோலைவிட மெல்லியது. அதில் உயிருள்ள செல் அடுக்குகள் மூன்று முதல் ஐந்து வரைதான். நம் தோல் அமிலப் பக்கம், பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, 7 என்றால் நடுநிலை) சுமார் 5.5. நாயின் தோல் பெரும்பாலும் 6.5, 7 என்று நடுநிலையை ஒட்டி இருக்கும். நமக்கு ‘சுருக்’ என்று பட்டு ஓய்கிற சோப்பும் எலுமிச்சையும் அதற்கு எரிச்சலாகவே நின்றுவிடலாம்.

முதலில், எங்கே சொறிகிறது?

மருந்தை ஒப்பிடுவதற்கு முன்னால் இதைப் பார்க்காமல் விட்டால் மற்ற எல்லாம் வீண். வால் தொடங்கும் இடம், முதுகின் கீழ்ப்பகுதி, பின்தொடை இங்கெல்லாம் கடித்துக் குதறினால் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி. தெள்ளின் எச்சிலே சில நாய்களுக்கு ஒவ்வாமை. ஒன்றிரண்டு கடித்தாலே போதும், நாள்கணக்கில் அரிக்கும். ‘நான் சீப்பு போட்டுப் பார்த்தேன், ஒரு பூச்சிகூட இல்லை’ என்பது சமாதானம் ஆகாது. வளர்ந்த தெள்ளுதான் நாயின் மேல் இருக்கும். முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் உங்கள் கால்மிதியிலும் சோபா இடுக்கிலும் இருக்கும்.

பாதத்தை நக்கி நக்கி விரலிடுக்கு செம்பட்டை நிறமாகிறது, முகத்தைத் தரையில் தேய்க்கிறது, காது சிவக்கிறது, அக்குளும் அடிவயிறும் சிவந்திருக்கிறது என்றால் அது தூசி, மகரந்தம், புல், பூஞ்சை போன்றவற்றுக்கான ஒவ்வாமையாகவோ உணவு ஒவ்வாமையாகவோ இருக்கலாம். முதல் வகை பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தலைகாட்டும். லாப்ரடார், பக், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு வளர்ப்பவர்களுக்கு இது பழகிய கதை.

காது ஓரமும் முழங்கையும் தோல் தடித்து, வெறிபிடித்தது போலச் சொறிந்து, வீட்டில் உங்களுக்கும் கையில் அரிப்பு வந்தால் அது சொறி உண்டாக்கும் நுண்பேன். குட்டிக்கு முகத்திலும் காலிலும் திட்டுத் திட்டாக முடி கொட்டி, அரிப்பு மட்டும் அவ்வளவாக இல்லை என்றால் அது வேறொரு நுண்பேன், டெமோடெக்ஸ். இந்த இரண்டுக்கும் வீட்டு மருந்தை ஒப்பிட்டுக்கொண்டு உட்கார வேண்டாம், நேரே டாக்டரிடம் போய்விடுங்கள். தோல் பிசுபிசுத்து, ஈரத் துணியை மடித்து வைத்தது போல ஒரு வாடை வந்தால் மலாசீசியா என்கிற ஈஸ்ட் வகைப் பூஞ்சை சேர்ந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். அங்கே எண்ணெய் கூடவே கூடாது.

லட்டுவுக்கு இருந்தது தூசி, மகரந்தம், பூஞ்சை போன்றவற்றுக்கான அந்த ஒவ்வாமை. ஐப்பசி மழை தொடங்கியதும் ஏறும், மாசி வாக்கில் தணியும். இனி நான் சொல்லும் ஒப்பீடு பெரிதும் அந்த வகை நாய்களுக்கானது.

வெறும் தண்ணீர்

இதை மருந்து என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் நாங்கள் செய்து பார்த்ததில் செலவுக்கும் பலனுக்கும் சரியாக வந்தது இதுதான். வெளியே போய்வந்த உடனே நாலு காலையும் அடிவயிற்றையும் சாதாரணத் தண்ணீரில் கழுவி, விரலிடுக்கு வரை துணியால் ஒற்றித் துடைப்பது. ஒவ்வாமையைத் தூண்டும் பொருள் பெரும்பாலும் நாயின் தோல் வழியாகவே உள்ளே போகிறது. பார்த்தீனியச் செடி மண்டிய காலி மனையில் நடந்துவிட்டு வந்த கால், மூச்சில் போகும் தூசியைவிட மோசம். கழுவினால் அந்தச் சுமை குறையும். நக்கினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது.

ஒரே எச்சரிக்கை, ஈரத்தோடு விடக் கூடாது. கழுவிவிட்டுத் துடைக்காமல் விடுவதைவிடக் கழுவாமலே இருக்கலாம். சென்னைக் காற்றில் விரலிடுக்கு ஈரம் பூஞ்சைக்கு வைத்த விருந்து.

இதோடு சேர்த்து ஒன்று: தரை துடைக்கும் திரவம். நாம் செருப்போ சாக்ஸோ போட்டு நடக்கிறோம், நாய் அடிவயிறு பட அதே தரையில் நாள் முழுக்கப் படுக்கிறது. வயிறும் உள்ளங்காலும் மட்டும் சிவக்கிற நாய்க்கு, இரண்டு வாரம் வெந்நீரில் மட்டும் தரையைத் துடைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் பினாயிலை நிறுத்த அம்மாவைச் சம்மதிக்க வைத்ததுதான் இந்த முழு வைத்தியத்திலும் கடினமான பகுதி.

ஓட்ஸ் குளியல்

கடையில் கிடைக்கும் மற்ற பொருள்களில் எனக்கு நம்பிக்கை இதன் மேல்தான். ஓட்ஸில் அவெனாந்திரமைடு என்ற பொருள்கள் இருக்கின்றன, அவை அரிப்பையும் அழற்சியையும் தணிக்கும். நைஸாக அரைத்த ஓட்ஸ் மாவைத் தோலைக் காக்கும் பொருள் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2003இல் ஏற்றுக்கொண்டது. அது மனிதத் தோலுக்கான அங்கீகாரம் என்றாலும் நாய் ஷாம்பூக்களிலும் இதே பொருள் பரவலாக இருக்கிறது.

எதுவும் சேர்க்காத சாதா ஓட்ஸை மிக்ஸியில் மாவாக அரைக்க வேண்டும். மசாலா ஓட்ஸ் வேண்டாம். சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டில் அவசரத்தில் அந்தப் பாக்கெட்டைத்தான் முதலில் பிரித்தார்கள். அரைத்த மாவு ஒரு ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் பால் போல ஆக வேண்டும். அடியில் மணல் போல நின்றால் இன்னும் அரைக்க வேண்டும். வெதுவெதுப்பும் வேண்டாம், கை வைத்தால் சூடும் குளிரும் தெரியாத தண்ணீர் போதும். சூடான நீர் அரிப்பைக் கிளப்பிவிடும். பத்து, பதினைந்து நிமிடம் அந்தத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றி, பிறகு நல்ல தண்ணீரில் லேசாக அலசி, துவட்டிவிட வேண்டும்.

நக்கினால் கஞ்சி குடித்தது மாதிரிதான். பலன் ஒன்றிரண்டு நாள் நிற்கும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. வாரம் ஒருமுறை போதும். பிசுபிசுப்பும் வாடையும் உள்ள பூஞ்சைத் தோலுக்கு இது போதாது. அதற்கு டாக்டர் எழுதித்தரும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பூதான், அதையும் நுரை போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். போட்ட உடனே கழுவிவிட்டு ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்பவர்கள் ஏராளம்.

தேங்காய் எண்ணெய்

நம் ஊரில் தொட்டதற்கெல்லாம் தேங்காய் எண்ணெய். அதில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம், அதற்குக் கிருமிகளை ஒடுக்கும் குணம் உண்டு என்பதும் உண்மைதான். வறண்டு வெடித்த உள்ளங்கால், காய்ப்பு விழுந்த முழங்கை, காய்ந்த மூக்கு நுனி, இந்த மூன்று இடத்துக்கும் கடுகளவு தடவினால் நன்றாகவே இருக்கும்.

உடம்பு முழுக்கத் தேய்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஏற்கெனவே எண்ணெய்ப்பசை உள்ள தோலில் பூஞ்சைக்கு அது தீனி. தூசியும் அதில் ஒட்டும், அந்தத் தூசியால்தானே ஒவ்வாமையே! லாப்ரடார் போன்ற சாப்பாட்டு ராமன்களுக்கு இன்னொரு சிக்கல். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. தடவியதை எல்லாம் நக்கித் தீர்த்து, வயிற்றுப்போக்கில் போய் முடியும். கொழுப்பு ஒத்துக்கொள்ளாத நாய்களுக்குக் கணையம் வீங்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனி

அம்மாவின் கட்சிக்கு நியாயம் செய்தாக வேண்டும். வேப்பிலையைக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு, வடிகட்டிய தண்ணீரைக் குளியலின் கடைசியில் ஊற்றுவதில் தவறில்லை. மென்மையான கிருமி எதிர்ப்பு உண்டு. கசப்பதால் நாய் கொஞ்சம் குறைவாக நக்கும், அதுவே ஒரு லாபம். ஆனால் வேப்பிலைத் தண்ணீரும் வேப்பெண்ணெயும் ஒன்றல்ல. வேப்பெண்ணெய் வீரியமானது, நீர்க்காமல் தடவினால் மெல்லிய தோல் வெந்தது போலாகும். வீட்டில் பூனையும் இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மஞ்சளில்தான் எனக்கு மனத்தாங்கல். அதில் உள்ள குர்குமின் நல்ல பொருள்தான், ஆனால் தோலுக்குள் எளிதில் இறங்காது. கடையில் வாங்கும் பொடியில் நிறத்துக்காக என்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற கவலை வேறு. எனக்குப் பெரிய குறையாகப் பட்டது இது: மஞ்சள் பூசிய தோலில் சிவப்பு தெரியாது. அரிப்பு தணிகிறதா ஏறுகிறதா என்று பார்க்க நமக்கு இருக்கும் எளிய வழி அந்தச் சிவப்புதான். அதையே மூடி மறைத்துவிட்டு எதை வைத்து முன்னேற்றம் பார்ப்பது? லட்டுவின் அக்குளில் புண் பழுத்ததை நாங்கள் மூன்று நாள் தாமதமாகப் பார்த்ததற்குக் காரணம் மஞ்சள்தான்.

குப்பைமேனி பற்றி மாமா சொன்னது முழுக்கப் புறந்தள்ளக்கூடியதல்ல. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, மஞ்சள், பூண்டு எல்லாம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் மாட்டுப் புண்ணுக்கு மரபுக் கால்நடை மருத்துவத்தில் பெயர்பெற்றது. பட்டியில் கட்டிய மாட்டுக்குப் புட்டத்தில் பூசினால் அங்கேயே இருக்கும். நாய்க்கு அப்படியா? அதில் இருக்கும் பூண்டு நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. வெங்காயக் குடும்பம் முழுவதுமே அப்படித்தான். மாட்டுக்கு எழுதிய மருந்தை அளவு குறைத்தால் நாய் மருந்து ஆகிவிடாது. பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடுவதும் இதே ரகம், செவிப்பறை கிழிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

சோற்றுக் கற்றாழையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கும் கண்ணாடி போன்ற சோறு குளிர்ச்சியானது, நல்லது. தோலை ஒட்டி வடியும் மஞ்சள் பால்தான் பிரச்சினை, நக்கினால் பேதி. ஏழெட்டுத் தண்ணீரில் அலசிய சோற்றை மட்டும், நாய் நக்க எட்டாத இடத்தில் பூசலாம். நாய் நக்க எட்டாத இடம் எது என்று கேட்காதீர்கள், லட்டுவுக்குப் பிடரி ஒன்றுதான்.

தயிரும் பூசிப் பார்த்தோம். எறும்பு வந்தது.

ஆப்பிள் சிடர் வினிகர்

விலை ஜாஸ்தி, விளம்பரம் அதைவிட ஜாஸ்தி. உள்ளே இருப்பது சுமார் 5 சதவீத அசிட்டிக் அமிலம். அசிட்டிக் அமிலத்துக்கு பூஞ்சையையும் பாக்டீரியாவையும் அடக்கும் குணம் உண்டு, நாய்களுக்கான மருந்துத் துடைப்பான்களில் போரிக் அமிலத்தோடு 2 சதவீதம் அளவில் சேர்க்கிறார்கள். அந்த வகையில், விரலிடுக்கில் லேசான ஈஸ்ட் வாடை இருக்கிறது, தோல் எங்கும் கிழியவில்லை என்றால், ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஐந்து நிமிடம் காலை முக்கலாம். துடைத்துவிட வேண்டும்.

சொறிந்து சொறிந்து தோல் உரிந்த இடத்தில் இது பட்டால் நாய் உங்களை ஒரு வாரத்துக்கு நம்பாது. மனிதர்களுக்கு வரும் எக்ஸிமா என்ற தோல் அழற்சிக்கு இந்த வினிகரை நன்றாக நீர்த்து ஊறவைத்துப் பார்த்த ஓர் ஆய்விலும் தோலின் அரண் மேம்படவில்லை, பெரும்பாலானவர்களுக்கு எரிச்சல்தான் வந்தது. ஒவ்வாமை அரிப்புக்கு இது முதல் மருந்து அல்ல என்பது என் முடிவு. நண்பன் சொல்லி வாங்கிய புட்டி இப்போது சாலட்டுக்குப் பயன்படுகிறது.

மத்தி மீன்

தடவுவதை விட்டுத் தட்டுக்கு வருவோம். நக்கினால் என்ன ஆகும் என்ற கேள்வியே இங்கே எழாது. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா 3 வகைக் கொழுப்பு அமிலங்களான இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் அழற்சியை உள்ளிருந்து குறைக்கும், தோலின் அரணையும் பலப்படுத்தும். ஒவ்வாமைத் தோலுக்கு வீட்டில் செய்யக்கூடியவற்றில் கால்நடை மருத்துவர்களே ஒப்புக்கொள்வது இது. குறை, பொறுமை வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்துவதற்குப் பேசாமல் மீனை நாமே சாப்பிட்டுவிடலாம்.

நம் கடற்கரையில் மத்தி மலிவு, சிறிய மீன் என்பதால் பாதரசமும் குறைவு. உப்பு, புளி, வெங்காயம், மிளகாய் எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரில் குக்கரில் வைத்து, முள் கையால் நசுங்கும் அளவுக்கு வேகவைத்துச் சோற்றில் பிசைந்து கொடுக்கிறோம். பச்சையாகக் கொடுக்காதீர்கள். ஆனால் மருந்தாக வேலை செய்யும் அளவை மீனால் மட்டும் எட்டுவது கடினம். மாத்திரை வாங்கினால் பின்பக்கம் படியுங்கள்: 1000 மில்லிகிராம் என்று முன்னால் எழுதியிருந்தாலும் சாதாரண மாத்திரையில் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120, ஆக 300தான் நமக்கு வேண்டிய சரக்கு. நாயின் எடைக்கு எத்தனை என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். காட் லிவர் எண்ணெய் (மீன் ஈரல் எண்ணெய்) வேறு, அதில் வைட்டமின் ஏ, டி அதிகம், அள்ளிக் கொடுக்கக் கூடாது.

சைவ வீடுகளில் ஆளி விதை பற்றிக் கேட்கிறார்கள். அதில் உள்ள ஒமேகா 3ஐ நாயின் உடம்பு மிகக் கொஞ்சம்தான் இ.பி.ஏ.வாக மாற்றும். மீன் மாத்திரைக்கு அது ஈடாகாது.

சாப்பாட்டையே மாற்றிப் பார்ப்பதும் ஒரு வழி. உணவு ஒவ்வாமை என்றால் பலரும் அரிசியைத்தான் சந்தேகிக்கிறார்கள். நாய்களிடம் அதிகம் பதிவானவை மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, கோதுமை. தயிர் சோறும் கோழிக் குழம்புச் சோறும் பிஸ்கட்டும் தின்று வளர்ந்த நம் நாய்க்கு இந்தப் பட்டியல் கொஞ்சம் சங்கடமானதுதான். கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அது இதுவரை சாப்பிடாத ஒரு இறைச்சியும் ஒரு மாவுச்சத்தும் மட்டும் எட்டு வாரம். இடையில் ஒரு பிஸ்கட் போனாலும் கணக்கு முதலிலிருந்து. காலை டீயோடு பாதி பிஸ்கட்டை நாய்க்குப் போடும் பெரியவர் வீட்டில் இருந்தால் இந்தச் சோதனையைத் தொடங்காதீர்கள், முதலில் அவரிடம் பேசுங்கள்.

இவற்றைத் தொடவே வேண்டாம்

கற்பூர எண்ணெய் நக்கினால் வலிப்பு வரலாம். டீ ட்ரீ எண்ணெயும் நாய்க்கு நஞ்சு, ‘இயற்கை’ என்று அட்டையில் இருந்தாலும். காலமைன் லோஷனிலும் குழந்தைகளின் டயப்பர் களிம்பிலும் துத்தநாக ஆக்ஸைடு இருக்கிறது, அது வயிற்றுக்குள் போகக் கூடாது. பினாயில் தண்ணீரில் குளிப்பாட்டுவது, மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில், எறும்புச் சாக்பீஸை முடியில் தேய்ப்பது எல்லாம் இன்னமும் நடக்கிறது. உண்ணி சாகும்தான், நாயும் கூடவே போகும். உண்ணிக்கும் தெள்ளுக்கும் மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கொடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. வலிப்பு நோய் உள்ள நாய் என்றால் மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் இயற்கை வைத்தியத்தைப் பிடித்துத் தொங்காதீர்கள். உண்ணி அரிப்போடு நிற்காது, ரத்தத்தில் எர்லிக்கியா, பபீசியா என்ற நோய்க்கிருமிகளையும் விட்டுவிட்டுப் போகும்.

டாக்டர் எந்த இடத்தில் வருகிறார்?

தோல் கிழிந்து நீர் வடிந்தாலோ, முடி கொட்டும் திட்டு பரவினாலோ, காதில் வாடை வந்தாலோ, இரவு தூங்காமல் சொறிந்தாலோ வீட்டு மருந்தை நிறுத்திவிட வேண்டும். அந்த நேரத்தில் ஓட்ஸ் ஊற்றுவது தீப்பிடித்த வீட்டில் வாசல் தெளிப்பது மாதிரி. ஸ்டீராய்டு ஊசி மலிவு, மறுநாளே அரிப்பு நிற்கும். ஆனால் அடிக்கடி போட்டால் தாகம், பசி, எடை, தொற்று எல்லாம் கூடவே வரும். 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓக்லாசிடினிப் மாத்திரை ஒரு நாளுக்குள் அரிப்பை அடக்கும், விலைதான் கைக்கு எட்டுவதில்லை. லட்டுவுக்கு ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் அந்த மாத்திரை. மற்ற மாதங்களில் அந்தச் செலவைத் தள்ளிப்போடத்தான் மத்தியும் ஓட்ஸும் கால் கழுவலும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாங்கள் சமையலறை நாள்காட்டித் தாளின் ஓரத்தில் அன்றைய அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று பென்சிலால் எழுதுகிறோம். போன வருடம் கார்த்திகை முதல் வாரத்தில் 8, 8, 7. கால் கழுவலும் தரைத் திரவத்தை நிறுத்தியதும் சேர்ந்து 6க்குக் கொண்டுவந்தன. (இரண்டையும் ஒரே நாளில் தொடங்கியது என் தவறு, எது எவ்வளவு என்று இன்றுவரை அம்மாவிடம் வாதாட முடியவில்லை.) ஓட்ஸ் குளியல் நாளில் 4, மறுநாள் 5, மூன்றாம் நாள் பழையபடி 6. மத்தி தொடங்கிய பத்தாவது வாரத்தில் இருந்து 3க்கு மேல் ஏறவில்லை, ஆனால் அப்போது மாசி பிறந்திருந்தது. அதனால் இந்த வருடம் மத்தியை ஆவணியிலேயே தொடங்கியிருக்கிறோம்.